வியட்நாமில் பைக் ஓட்டும் முன்: லைசென்ஸ், அபராதம், போலீஸ் சோதனை குறித்து ஒரு வழிகாட்டி

வியட்நாமுக்குச் சுற்றுலா செல்லும் நம் சகோதரர்களின் எண்ணிக்கை கடந்த சில ஆண்டுகளில் நன்றாகவே கூடியிருக்கிறது. திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் வந்தது. 2023 ஆகஸ்டு முதல் 90 நாள் வரை தங்கக்கூடிய மின்விசா கிடைக்கிறது. அங்கே போய் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பைக்குகள்தான். சாலை முழுவதும் பைக்குகள். தங்கும் விடுதியின் வாசலிலேயே வாடகைக்கு நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் டாங், அதாவது நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய் அளவில் கொடுத்தால் சாவி கையில் வந்துவிடும். லைசென்ஸ் இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

யாரும் கேட்பதில்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. நாங்கள் அதை மூன்று நாள் பயணத்தின் முதல் நாளிலேயே தெரிந்துகொண்டோம். அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு அந்நாட்டுச் சட்டங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம். அபராதத் தொகைகள் யாவும் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 168ஆம் எண் அரசாணையின்படி உள்ளவை. ரூபாய்க் கணக்கை, ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துப் போட்டிருக்கிறோம்.

சாவ் டாக் போகும் வழியில்

ஹோ சி மின் நகரத்தில் டோங் டு தெருவில் இருக்கும் பள்ளிவாசல் 1935ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. அங்கே ஜும்ஆ தொழுதுவிட்டு, மறுநாள் காலை மீகோங் படுகையில் இருக்கும் சாவ் டாக் நகரத்துக்குக் கிளம்பினோம். அதை ஒட்டி ஹாவ் ஆற்றின் கரையில் சாம் முஸ்லிம்களின் ஊர்கள் இருக்கின்றன. சுமார் 250 கிலோமீட்டர். மூன்று பேர், மூன்று பைக்குகள், மூன்றும் 110 சிசி. இருவர் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு வந்திருந்தோம். மூன்றாமவர் துபாயில் வேலை பார்ப்பவர். அங்கே எடுத்த பைக் லைசென்சும், அங்கேயே வாங்கிய சர்வதேச அனுமதியும் வைத்திருந்தார். வாடகைக் கடைக்காரர் எங்கள் இருவரின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "நோ ப்ராப்ளம், போலீஸ் வெளிநாட்டுக்காரரை நிறுத்த மாட்டார்கள்" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

நண்பகலுக்குச் சற்று முன், ஒரு சிற்றூரைத் தாண்டிய இடத்தில் மண்நிறச் சீருடை அணிந்த போக்குவரத்துப் போலீசார் கோலை நீட்டி மூவரையும் ஓரம் கட்டச் சொன்னார்கள். வேகமாகப் போகவில்லை, ஹெல்மெட் இருந்தது, விளக்கை மீறவில்லை. அது வழக்கமான ஆவணச் சோதனை. துபாய்க்காரரின் அனுமதிப் புத்தகத்தை முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை பார்த்தார்கள்; லைசென்ஸ் அட்டையையும் கேட்டார்கள்; திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் இருவரின் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருந்த ஒரு வருடத்தின் மேல் அந்த அதிகாரி விரலை வைத்தார். 1949. தலையை ஆட்டினார். மொபைலில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து எங்களிடம் காட்டினார். "இந்த அனுமதி வியட்நாமில் செல்லாது" என்று இருந்தது.

1949, 1968: இரண்டு வருடங்களின் கதை

எங்களைப் போலப் பலரும் தடுமாறுவது இங்கேதான். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்றால் உலகம் முழுவதும் செல்லும் ஒரே புத்தகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது இரண்டு வெவ்வேறு ஒப்பந்தங்களின் கீழ் தரப்படுகிறது. ஒன்று, 1949 செப்டம்பர் 19 அன்று ஜெனீவாவில் செய்யப்பட்டது. மற்றொன்று, 1968 நவம்பர் 8 அன்று வியன்னாவில் செய்யப்பட்டது. இந்தியா சேர்ந்திருப்பது 1949 ஒப்பந்தத்தில். நம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் 4ஏ படிவம் கொடுத்து, ஆயிரம் ரூபாய் கட்டி, ஓராண்டுக்கு வாங்கும் அனுமதி அதன் கீழ் வருவது. வியட்நாம் 2014ல் சேர்ந்தது 1968 ஒப்பந்தத்தில். அந்த ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள் வழங்கும் அனுமதியைத்தான் அது ஏற்கிறது.

ஆகவே, இந்திய லைசென்சும் இந்தியாவில் வாங்கிய சர்வதேச அனுமதியும் மட்டும் வைத்திருப்பவர், வியட்நாம் சட்டத்தின் பார்வையில் லைசென்ஸ் இல்லாதவர். இதைச் சுற்றுலா முகவர்கள் சிலர் சொல்வதில்லை, வாடகைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. ஆன்லைனில் சில நிமிடங்களில் 'சர்வதேச லைசென்ஸ்' தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் தளங்களும் இருக்கின்றன. அரசோ அரசு அங்கீகரித்த அமைப்போ தராத அட்டைக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், பஹ்ரைன், குவைத் ஆகியவை 1968 ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகள். அங்கே லைசென்ஸ் எடுத்தவர்கள், அங்கேயே சர்வதேச அனுமதி வாங்கிக்கொண்டு போனால் வழி இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. புத்தகத்தில் எந்த வண்டிப் பிரிவுக்கு முத்திரை குத்தியிருக்கிறது என்று பாருங்கள். வளைகுடாவில் பெரும்பாலோர் எடுப்பது கார் லைசென்ஸ். கார் பிரிவில் மட்டும் முத்திரை இருந்தால் பைக்குக்கு அது உதவாது. பைக்குக்கு உரிய 'ஏ' பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். நம் துபாய் நண்பர் அங்கே டெலிவரி வேலையில் தொடங்கியவர் என்பதால் பைக் லைசென்ஸ் வைத்திருந்தார். அன்று அவர் தப்பியது அதனால்தான். இன்னொன்று: சர்வதேச அனுமதி என்பது லைசென்சின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் லைசென்ஸ் அட்டையும் கையில் இருந்தாக வேண்டும்.

எங்களுக்கு என்ன ஆனது

125 சிசி வரையிலான பைக்கை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாங். நம் பணத்தில் ஆறாயிரத்து ஐந்நூறிலிருந்து பதிமூன்றாயிரத்துச் சொச்சம். 125 சிசிக்கு மேல் போனால் 60 லட்சம் முதல் 80 லட்சம் டாங். 150 சிசி பைக் கம்பீரமாக இருக்கிறது என்று எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியட்நாமில் ஒரு வழக்கம் உண்டு: குற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ தனிக் காரணம் இல்லை என்றால், குறைந்த தொகைக்கும் கூடுதல் தொகைக்கும் நடுவே உள்ள தொகையைப் போடுவார்கள். எங்களுக்குத் தலைக்கு 30 லட்சம் டாங் வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்.

பணம் போனது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போனதுதான் உண்மையான சிக்கல். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய வண்டியைத் தீர்ப்புக்கு முன்பே ஏழு வேலை நாட்கள் வரை பிடித்து வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எங்கள் விமானத்துக்கு நான்கே நாட்கள் இருந்தன. பாஸ்போர்ட்டோ வாடகைக் கடையில். வண்டி வரும் வரை பாஸ்போர்ட் தர மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் என்ன செய்வது? விசா முடிந்து தங்கினால் அது வேறு அபராதம். அந்தச் சாலையோரத்தில் வெயிலில் நின்றபோது எங்களுக்கு அபராதத்தை விட இந்தக் கணக்குதான் வயிற்றைக் கலக்கியது.

அப்போது எங்களில் இளையவர் காதருகே வந்து, "காக்கா, பாஸ்போர்ட் நகலுக்குள்ள ஒரு நோட்ட வச்சு நீட்டுனா முடிஞ்சுரும்னு வீடியோல சொல்லுறாங்களே" என்றார். மூத்தவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "வாப்பா வீட்ல இருந்து இவ்வளவு தூரம் வந்தது லஞ்சம் குடுக்கவா? சும்மா இரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி என்பது நமக்கு மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. வியட்நாம் சட்டமும் அதையேதான் சொல்கிறது. 20 லட்சம் டாங்கும் அதற்கு மேலும் லஞ்சமாகக் கொடுப்பது அங்கே குற்றவியல் சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதற்குக் குறைந்த தொகை என்றாலும் தப்பில்லை என்று ஆகாது. போக்குவரத்து அபராதம் என்பது நிர்வாக விஷயம்; கட்டினால் முடிந்துவிடும். லஞ்சம் கொடுத்து மாட்டினால் அது கட்டி முடிகிற விஷயம் அல்ல. அந்த வீடியோக்களைப் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த அதிகாரியும் எங்களிடம் அப்படி எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நல்லவேளையாகக் கடைக்காரர் பேச்சுக்கு வந்தார். வண்டிகள் அவர் பெயரில். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு உரிமையாளருக்கும் தனி அபராதம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஏழு நாள் வாடகையையும் முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டுகளைத் தந்தார். சாவ் டாக்குக்குப் பேருந்தில் போனோம். ஆற்றைக் கடந்து சாம் மக்களின் பள்ளியில் அஸர் தொழ முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதுவரை நல்லபடியாகவே முடிந்தது.

அப்படியானால் சட்டப்படி ஓட்ட வழியே இல்லையா?

இருக்கிறது. வியட்நாம் சட்டம் இருசக்கர வண்டிகளை இரண்டாகப் பிரிக்கிறது. 'மோ தோ' என்பது நாம் பைக் என்று சொல்வது. இதற்கு லைசென்ஸ் வேண்டும். 'ஸே கான் மாய்' என்பது சிறு வண்டி. இன்ஜின் என்றால் 50 சிசிக்கு மேல் போகாதது, மின்சார மோட்டார் என்றால் 4 கிலோவாட்டுக்கு மேல் போகாதது, எப்படியானாலும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதது. இதை 16 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். ஹோய் ஆன், நின் பின் போன்ற சிறிய ஊர்களைச் சுற்ற இதுவே தாராளம். எங்களைக் கேட்டால், இந்திய லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர வேறு எதையும் அங்கே ஓட்ட வேண்டாம் என்போம்.

ஆனால் கடைக்காரர் 'எலக்ட்ரிக்தான், லைசென்ஸ் வேண்டாம்' என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்சார ஸ்கூட்டர்களில் பெரியவையும் உண்டு. அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டும். வண்டியின் பதிவு அட்டையை வாங்கிப் பாருங்கள். அந்த அட்டையைத் தெற்கில் 'கா வெட்' என்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சொல், 'பச்சை அட்டை' என்று பொருள். அதில் வண்டியின் திறன் எழுதியிருக்கும்.

ஹா ஜியாங் மலைச்சுற்றுப் பாதைக்குப் போகிறவர்கள் பலர். அங்கே 50 சிசி ஏறாது. அங்கே உள்ளூர்க்காரர் ஓட்ட, நாம் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஓட்டுநருடன் ஜீப் கிடைக்கிறது. பெண்களுக்கு அதுவே வசதி. மழை நாளில் அந்த வளைவுகளைப் பார்த்தவர்கள், பழகாதவர் அங்கே ஓட்டுவதை விரும்ப மாட்டார்கள். லைசென்ஸ் இருந்தாலும் இதையே சொல்வோம்.

வேலைக்கோ படிப்புக்கோ போய் மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் தங்க அனுமதி உள்ளவர்கள், தங்கள் நாட்டு லைசென்சை வியட்நாம் லைசென்சாக மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். இந்திய லைசென்சில் கியர் பைக் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

இன்சூரன்ஸ்: பலர் நினைத்துப் பார்க்காதது

சோதனையில் மாட்டாமல் ஒரு மாதம் சுற்றிவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'ஒன்றும் ஆகவில்லையே' என்பார்கள். ஆகாதவரை சரி. விழுந்து கால் முறிந்தால் என்ன ஆகும்? பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் கேட்பது, அந்நாட்டில் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்ததா என்பதைத்தான். இல்லை என்றால் மருத்துவமனைச் செலவு முழுவதும் நம் தலையில். எலும்பு அறுவைச் சிகிச்சை, சில நாள் மருத்துவமனை, படுத்த நிலையில் ஊருக்குத் திரும்ப விமானத்தில் கூடுதல் இருக்கைகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே வாரத்தில் கரைந்துவிடும். பாலிசியில் இருசக்கர வண்டி பற்றிய பகுதியைப் போகும் முன்பே படியுங்கள். சில பாலிசிகள் குறிப்பிட்ட சிசிக்கு மேல் லைசென்ஸ் இருந்தாலும் பணம் தராது.

அந்நாட்டில் ஒவ்வொரு பைக்குக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நாம் இடித்த ஆளுக்கானது, நமக்கானது அல்ல. வாடகை வண்டியோடு அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம்மவர் தடுமாறும் விதிகள்

முதல் விஷயம், அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேரே போகும்போது கூட்டத்தோடு போய்விடலாம். தவறு நடப்பது காலையில் வண்டியைத் தெருவுக்கு இறக்கும்போதும், காலியான சாலையில் இடப்பக்கம் திரும்பும்போதும்தான். கை தானாக நம் ஊர்ப் பக்கத்துக்குப் போகும். எதிர்ப்பக்கம் ஓட்டினால் 40 லட்சம் முதல் 60 லட்சம் டாங் வரை அபராதம் வரலாம்.

சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாமா? இதில்தான் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் குழம்புகிறார்கள். சில நாடுகளில் அது அனுமதி. நம் ஊரில் 'ஃப்ரீ லெப்ட்' பழகியவர்கள் அங்கே 'ஃப்ரீ ரைட்' இருக்கும் என்று எண்ணித் திரும்பிவிடுவார்கள். வியட்நாமில் அது இல்லை. தனியாகப் பச்சை அம்பு எரிந்தால், அல்லது விளக்குக் கம்பத்தில் அதற்கான பலகை இருந்தால் மட்டுமே திரும்பலாம். சில சந்திப்புகளில் அந்த அனுமதி பைக்குகளுக்கு மட்டும் இருக்கும். பலகையில் வியட்நாம் மொழியில் எழுதியிருக்கும், படம் இருக்காது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளுவார்கள். அசையாதீர்கள். சிவப்பு விளக்கை மீறினால் பைக்குக்கு 40 லட்சம் முதல் 60 லட்சம் டாங். 2024 வரை இது 8 லட்சம் முதல் 10 லட்சமாகத்தான் இருந்தது. ஒரே நாளில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. மஞ்சள் விளக்கு என்றால் கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டிருந்தால் போகலாம். 'மஞ்சளில் முறுக்கிவிடு' என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செலவு வைக்கும்.

நெரிசலில் நடைபாதை மீது ஏறி ஓட்டுவதை உள்ளூர்க்காரர்கள் முன்பு சர்வசாதாரணமாகச் செய்வார்கள். இப்போது அதற்கும் அதே 40 முதல் 60 லட்சம். அவர்களைப் பார்த்துப் பின்தொடர்ந்து போனவர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

வேகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீல நிறச் சதுரப் பலகையில் கட்டடங்களின் வெள்ளை நிழலுருவம் இருந்தால், அங்கே குடியிருப்புப் பகுதி தொடங்குகிறது என்று பொருள். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் அங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். நடுவில் தடுப்பு இருந்தால் 60. அதே படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வரும்வரை அந்த வரம்பு நீடிக்கும். ஊருக்கு வெளியே பைக்குக்குத் தடுப்பு உள்ள சாலையில் 70, இல்லாத சாலையில் 60. எண் எழுதிய பலகையைத் தேடிக்கொண்டே போனால் இது கண்ணில் படாது. ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இந்தப் பலகை மாறி மாறி வரும். வேகத்தைப் பிடிக்கும் கருவியோடு போலீசார் நிற்பதும் பெரும்பாலும் இந்த எல்லைகளில்தான். 10 கிலோமீட்டருக்குள் கூடினால் 4 முதல் 6 லட்சம் டாங். 20க்கு மேல் கூடினால் 60 முதல் 80 லட்சம்.

விரைவுச் சாலைகளில் பைக்குக்கு இடமே இல்லை. மேப்பில் கார் வழியை வைத்துக்கொண்டு போனால் அங்கே ஏற்றிவிடும். பைக் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஹாய் வான் சுரங்கப் பாதையிலும் பைக் போக முடியாது. மலைக் கணவாய் மீது ஏறிப் போக வேண்டும். அதை நஷ்டமாக நினைக்க வேண்டாம், டா நாங் பக்கம் போகிறவர்கள் பார்க்க விரும்பும் சாலையே அதுதான்.

ஹெல்மெட்டைத் தலையில் வைத்தால் போதாது, பட்டையை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் போடாதது போலத்தான், 4 முதல் 6 லட்சம் டாங். பின்னால் இருப்பவருக்கும் இதே விதி. ஓட்டும்போது மொபைலைக் கையில் பிடித்தால் 8 முதல் 10 லட்சம். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை முகப்பு விளக்கு எரிய வேண்டும். பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். 12 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் கூடுதலாக ஒன்று.

இரவில் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்வார்கள். வியட்நாமில் ஓட்டுபவரின் உடலில் மது துளியும் இருக்கக் கூடாது. நமக்கு இதில் பயம் இல்லை. 'நான் முஸ்லிம், குடிக்க மாட்டேன்' என்று விளக்கிக்கொண்டு நிற்காமல் ஊதிவிட்டுப் போய்விடுங்கள். சோதனைக்கு மறுத்தால், குடித்தவருக்குப் போடும் உச்ச அபராதமே நமக்கும் வரும்.

போலீஸ் நிறுத்தினால்

போக்குவரத்துப் போலீசார் மண்நிறச் சீருடையில் இருப்பார்கள். நாம் தவறு செய்யாவிட்டாலும், திட்டமிட்ட சோதனையின்போது நிறுத்தி ஆவணங்களைப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கோலைக் காட்டினால் நிறுத்துங்கள். கவனிக்காதது போல ஓட்டிப் போய்விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது தனிக் குற்றம், ஆபத்தும் கூட.

இறங்கி, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஒரு புன்னகையோடு நில்லுங்கள். 'சின் சாவ்' என்றால் வணக்கம். அவர்களே முதலில் சல்யூட் வைப்பார்கள். அது அவர்களின் விதிமுறை, பயப்பட ஒன்றுமில்லை. கேட்பவை நான்கு: லைசென்ஸ், அதோடு சர்வதேச அனுமதி, வண்டிப் பதிவு அட்டை, மூன்றாம் நபர் காப்பீட்டுச் சீட்டு, பாஸ்போர்ட். இவற்றை ஒரே உறையில் வைத்துக்கொண்டால் பையைக் குடைய வேண்டியிருக்காது. குரலை உயர்த்த வேண்டாம். அங்கே பொது இடத்தில் குரல் உயர்த்துவது பெரிய அவமரியாதை. மொபைலை எடுத்து அதிகாரியின் முகத்துக்கு நேரே பிடிப்பதும் வேண்டாம். பேச்சு அதோடு முறிந்துவிடும். மொழிபெயர்ப்புச் செயலியில் வியட்நாம் மொழியை முன்பே தரவிறக்கி வைத்திருங்கள். எங்களுக்கு உதவியது அதுதான்.

சிறிய தொகை என்றால் அங்கேயே அபராதம் போட்டு ரசீது தருவார்கள். அதற்கு மேல் என்றால் 'பியென் பான்' எனும் எழுத்துப்பூர்வப் பதிவு எழுத வேண்டும். அதில் உங்கள் பெயர், இடம், நேரம், என்ன மீறல், என்னென்ன பிடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படியுங்கள். ஒரு நகல் உங்களுக்குத் தர வேண்டும். அதற்குப் பிறகு வரும் தீர்ப்புத் தாளை வைத்து வங்கியிலோ அரசுக் கருவூலத்திலோ பணம் கட்டலாம். ரசீதை நாட்டை விட்டுக் கிளம்பும்வரை பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாத பணம் யாராவது கேட்டால், 'பியென் பான்' என்ற அந்த ஒரு சொல்லைப் பணிவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எழுதினால் தொகை கூடுமே என்று பயந்து பின்வாங்காதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால் இடத்தை விட்டு நகரக் கூடாது. போலீசுக்கு 113, ஆம்புலன்சுக்கு 115. எதிராளிக்குச் சிறு காயம்தான், கையில் ஏதோ கொடுத்துப் பேசி முடித்துவிடலாம் என்று கூட்டம் சொல்லும். காயம் இருந்தால் அதைக் கேட்காதீர்கள், போலீஸ் வரட்டும். இந்தியத் தூதரகம் ஹனோயிலும், துணைத் தூதரகம் ஹோ சி மின் நகரத்திலும் இருக்கின்றன. எண்களைக் கிளம்பும் முன்பே மொபைலிலும், மொபைல் உடைந்தால் என்று ஒரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கடையில்

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள். நாங்கள் செய்த இரண்டாவது தவறு அது. பணமாக முன்தொகை வாங்கிக்கொள்ளும் கடைகள் தேடினால் கிடைக்கின்றன. கொஞ்சம் கூடுதல் வாடகையானாலும் அங்கே எடுங்கள். விடுதிகளில் பதிவு செய்யவும், சோதனையில் காட்டவும், தூதரகத்தில் உதவி கேட்கவும் அந்தப் புத்தகம் உங்கள் கையில் இருக்க வேண்டும். எடுக்கும்போது வண்டியை நாலு பக்கமும் வீடியோ எடுத்து, பிரேக், முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், பக்கக் கண்ணாடி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் வண்டிகளில் ஒன்றில் இடப்பக்கக் கண்ணாடி இல்லை. அதற்கும் தனியாக எழுதியிருக்கலாம். அந்த அதிகாரி பார்த்தும் விட்டுவிட்டார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்டோம். தன் மொபைலில் வரைபடத்தைத் திறந்து அவரே காட்டினார்.